135ஐ இரும்புக்குக் கொடுக்க முன்...

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது தண்ணீரூற்றுச் சந்தியில் ஒரு பழைய இரும்பு லொறி நின்றது. சைக்கிள் சட்டம், துருப்பிடித்த தகரம், உடைந்த தண்ணீர்ப் பம்ப் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மெசி பெர்குசன் 135. சில்லு இல்லை, மட்காட் இல்லை. எஞ்சினும் கியர்பெட்டியும் பின் அச்சும் கழற்றப்படாமல் அப்படியே சங்கிலியால் கட்டியிருந்தார்கள். ஹெட்டைக்கூட யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. கிலோக் கணக்கில் போயிருக்கும். ஒன்றரைத் தொன் அளவில் இரும்பு, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. அதனால் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வளவில் ஒரு 135 நிற்கிறது. போன மூன்று காலபோகமும் அதுதான் உழுதது. அதுவும் இதே மாதிரி லொறியில் ஏறியிருக்க வேண்டிய ஒன்று.

அது எங்களுடைய மெசின் அல்ல. எங்கள் ஒழுங்கையின் முடிவில் இருக்கும் ஐயாவுடையது. 1990க்கு முன் வாப்பாவிடம் ஒரு 35 இருந்தது, ஐயாவிடம் இந்த 135. ஒரே டிஸ்க் கலப்பையை இரண்டு வீட்டாரும் மாறி மாறிப் பூட்டி உழுதார்களாம். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து எழுபதாயிரத்துக்கும் அதிகமான முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நாங்களும் போனோம். அப்போது எங்களில் மூத்தவருக்கு ஐந்து வயது. வாப்பா 35இன் திறப்பை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். புத்தளத்தில், கிடுகுக் கொட்டிலின் வளையில், அந்தத் திறப்பு இருபது வருடம் தொங்கியது. மெசினை அதன் பிறகு யாரும் காணவில்லை.

ஐயாவின் 135 பத்தொன்பது வருடம் கூட ஓடியது. 2009 ஜனவரியில் நாலு குடும்பத்தையும் அவர்களின் நெல் மூட்டைகளையும் பெட்டியில் ஏற்றிக்கொண்டு புதுக்குடியிருப்புப் பக்கம் போனது. பிறகு இரணைப்பாலை. அங்கே டீசல் முடிந்தது, மெசின் நின்றது, ஆட்கள் நடந்தார்கள். வாகனப் புத்தகத்தைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஐயா மாத்தளனைக் கடந்து மெனிக்பாம் வரைக்கும் போனார். மீள்குடியேறி வந்த பிறகு வாகனக் குவியலுக்குள் இலக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்து, இன்னொரு மெசினில் கட்டி இழுத்து வந்து பாலை மரத்தின் கீழே விட்டார். பத்து வருடத்துக்கு மேல் அங்கேயே நின்றது. கோழி முட்டையிடும் இடமாகிவிட்டது.

அந்தக் கதையை அவர் எங்களுக்குச் சொன்னது ஒரே ஒரு முறைதான். நாங்களும் திருப்பிக் கேட்கவில்லை.

2022 ஜூனில் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகளை மூடினார்கள். வீட்டில் சும்மா இருந்தோம். வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலேயே நின்றுவிட்டது. டொலர் 360 ரூபாயைத் தாண்டியிருந்தது. புது மெசின் ஒன்றின் விலையை வவுனியாவில் கேட்டுவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறி வந்தோம். லீசிங்கில் எடுத்தவர்கள் சிலரின் நிலைமை உங்களுக்கும் தெரியும். மூன்று மாதத் தவணை பிந்தினால் படலைக்கு ஆள் வந்து நிற்கும். அந்த நாட்களில்தான் ஐயா ஒரு நாள் வாப்பாவிடம், "தம்பி, இரும்புக்காரன் கேக்கிறான். நீ ஒருக்கா வந்து பார். உனக்கு ஏலுமெண்டா எடு, ஏலாதெண்டா அவனுக்குக் குடுப்பம்" என்றார்.

வாப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. முழங்கால் மடங்காது. ஆனாலும் போய்ப் பார்த்தார். டிப் ஸ்டிக்கை இழுத்து மணந்தார். "ஒயில்ல தண்ணி இல்ல" என்றார். அதுதான் தொடக்கம்.

135 ஏன் வீட்டில் வைத்துத் திருத்தக் கூடிய மெசின் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1964இன் கடைசியில் இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் செய்யத் தொடங்கி, 1975 வரை செய்தார்கள். மூன்று சிலிண்டர், இரண்டரை லீற்றர் பேர்கின்ஸ் டீசல் எஞ்சின். கம்பியூட்டர் இல்லை, சென்சர் இல்லை. காருக்கு இருப்பது போல அடியில் தனிச் சட்டமும் இல்லை. எஞ்சின், கியர்பெட்டி, பின் அச்சு மூன்றையும் ஒன்றின் பின் ஒன்றாகப் போல்ட் போட்டு இறுக்கியதுதான் உடம்பே. ஸ்பனர் செட் ஒன்றும் செயின் புளொக் ஒன்றும் தாங்கக் கூடிய ஒரு மரக் கிளையும் இருந்தால் முழுவதையும் கழற்றலாம்.

இந்த வடிவத்துக்குப் பின்னால் இருப்பவர் அயர்லாந்தில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்த ஹரி பெர்குசன். அவருக்கு முன் கலப்பையை மெசினுக்குப் பின்னால் சங்கிலியால் இழுத்தார்கள். கலப்பை வேரில் மாட்டினால் முன் சில்லு எழும்பி, மெசின் பின்பக்கம் கவிழ்ந்து ஓட்டுபவரைக் கொன்றுவிடும். பெர்குசன் மூன்று புள்ளிகளில் கலப்பையைப் பூட்டி, ஹைட்ரோலிக்கைச் சேர்த்தார். மண் இறுகும்போது மேல் தண்டு முன்னுக்குத் தள்ளப்படும். அந்தத் தள்ளலே ஹைட்ரோலிக்குக்கு உத்தரவாகி, கலப்பையைச் சற்று உயர்த்தும். பாரம் பின் சில்லில் ஏறும், சில்லு வழுக்காது, முன்பக்கம் எழும்பாது. பொருத்துகிற கைகளுக்கு அந்த யோசனை விளங்கும். புத்தகத்தில் வாசித்தபோது எங்களுக்கு விளங்கவில்லை. பெர்குசன் 1938இல் ஹென்றி போர்டோடு கைகுலுக்கியே வியாபாரம் பேசினார், ஒப்பந்தத் தாள் இல்லை. பிறகு போர்டின் பேரன் காலத்தில் அது வழக்காகி, 1952இல் 92.5 இலட்சம் டொலர் வாங்கித்தான் முடிந்தது. இதைச் சொன்னபோது வாப்பா சிரித்தார். "எங்களுக்கும் தாள் எழுதிக் கொள்ளச் சொல்லு" என்றார். எழுதினோம். ஒரு சிறிய தொகை கையில், மிச்சத்துக்கு ஒவ்வொரு காலபோகமும் ஐயாவின் ஐந்து ஏக்கரை முதலில் உழுது கொடுப்பது. புத்தகம் அவர் பெயரிலேயே இருக்கும்.

எஞ்சின் இறுகியிருந்தது. ஹெட்டைக் கழற்றினால் நடு சிலிண்டரில் கறள். மண்ணெண்ணெயும் கியர் ஒயிலும் கலந்து மூன்றிலும் ஊற்றி, ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு முதிரைக் கட்டையை வைத்து மெதுவாகத் தட்டினோம். எட்டு நாள் அசையவில்லை. ஒன்பதாம் நாள் ஒரு நூல் அளவு அசைந்தது. அன்று உம்மா வட்டிலாப்பம் செய்தா. அவவுக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது, எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் செய்திருப்பா.

இந்த இடத்தில் ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். பதினோராம் தரம். வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பவன். கொப்பியில் பாதிப் பக்கம் வெறுமை. ஆசிரியர் அறையில் அவனைப் பற்றி நாங்கள் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. "இவனுக்கு ஒன்றும் ஏறாது" என்பது அவற்றில் மென்மையானது. அவன் ஒரு நாள் வேலியோரம் நின்று பார்த்தான். அடுத்த நாள் உள்ளே வந்தான். மூன்றாம் நாள் எங்களுக்கு வேலை சொல்லத் தொடங்கிவிட்டான்.

ஒவ்வொரு பாகத்தையும் கழற்ற முன் போனில் படம் எடுத்தான். போல்ட்டுகளைக் கழற்றிய ஒழுங்கிலேயே காட்போட் மட்டையில் துளை போட்டுக் குத்தி வைத்தான். எந்தத் துளையில் எந்த நீளப் போல்ட் இருந்தது என்று அந்த மட்டையைப் பார்த்தால் போதும். இதை யார் சொல்லித் தந்தார்கள் என்று கேட்டோம். "ஒருத்தரும் இல்ல சேர், இல்லாட்டி மறந்து போயிரும்தானே" என்றான். ஆசிரியர் கலாசாலையில் 'செய்து கற்றல்' என்று தாள் தாளாக எழுதிப் புள்ளி வாங்கியவர்கள் நாங்கள். எங்களிடம் அந்த மட்டை இருக்கவில்லை.

கிராங்கை வவுனியாவில் லேத்தில் கொடுத்துக் கடைந்தோம். புது பிஸ்டன், ரிங், பெயாரிங், கஸ்கட் செட் வாங்கினோம். இந்தியத் தயாரிப்புகள் இன்னும் கிடைக்கின்றன. போலிகளும் அதே பெட்டியில்தான் கிடைக்கின்றன, பார்த்து வாங்குங்கள். டீசல் பம்பைத் தெரிந்தவரிடம் கொடுத்தோம். அதை வீட்டில் திறக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. மிச்சம் எல்லாம் பாலை மரத்தின் கீழேதான்.

ஒரு பிழையும் விட்டோம். பெரிய பிழை. கிளச் தட்டு மாற்ற வேண்டுமென்றால் மெசினை நடுவில் பிரிக்க வேண்டும். எஞ்சினும் முன் சில்லும் ஒரு பாதி, கியர்பெட்டியும் பின் சில்லும் மற்றப் பாதி. முன் அச்சு நடுவில் ஒரே ஒரு முளையில்தான் தாங்கியிருக்கிறது. இரண்டு பக்கமும் ஆப்பு அடிக்காமல் பிரித்தால் எஞ்சின் ஒரு பக்கமாகச் சரியும். இதை வாப்பா சொன்னார். ஒரு பக்கம் அடித்தோம், மற்றப் பக்கம் பிறகு அடிக்கலாம் என்று விட்டோம். கடைசிப் போல்ட் கழன்றதும் எஞ்சின் சாய்ந்தது. மச்சானின் கால் இருந்த இடத்துக்கும் அது விழுந்த இடத்துக்கும் ஒரு சாண். அல்ஹம்துலில்லாஹ். அன்று வேலையை நிறுத்திவிட்டு ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தோம். அந்தப் பையனை ஒரு கிழமை வரவேண்டாம் என்றோம். மற்றவர்களின் பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தால் என்ன பதில் சொல்வது? பிறகு அவனுடைய உம்மாவிடம் போய், நடந்ததைச் சொல்லி, அனுமதி கேட்டுத்தான் மறுபடி கூப்பிட்டோம். பாரம் தூக்கும் வேலையில் அவன் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது அன்றிலிருந்து சட்டம்.

எல்லாம் பூட்டி முடிந்தபோது டீசல் இல்லை! மெசின் தயார், எரிபொருள் இல்லை. அந்த வருடத்தின் வரிசைகளை நினைவிருக்கும். கமநல சேவை நிலையத்தில் பதிந்து, இரண்டு நாள் வரிசையில் நின்று பத்து லீற்றர் எடுத்தோம். கான் கையில் வந்தபோது ஹஜ்ஜுக்குப் போய் வந்தவரை வரவேற்பது போல ஒழுங்கையில் சனம்.

காற்றெடுத்தோம். முதலில் பில்டர், பிறகு பம்ப், கடைசியாக இன்ஜெக்டர் குழாய்கள். லான்ட்மாஸ்டரில் கட்டி இழுத்தோம். சுற்றியது. வெள்ளைப் புகை வந்தது. பிடிக்கவில்லை. திரும்ப இழுத்தோம், திரும்ப வெள்ளைப் புகை. கூட்டம் மெதுவாகக் கலைந்தது. "இரும்புக்கே குடுத்திருக்கலாம்" என்று ஒருவர் எங்களுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்.

வாப்பா கதிரையில் இருந்தபடி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய 35இலும் இதே மாதிரி மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ்தான். "தீ பிந்துது" என்றார். "பம்ப் பல்லுச் சில்லு ஒரு பல்லு மாறிக் கிடக்கு." நாங்கள் நம்பவில்லை, குறிகளைப் பார்த்துத்தான் பூட்டினோம் என்று வாதாடினோம். பையன் போனை எடுத்துப் பழைய படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். பல்லுச் சில்லுகளில் புள்ளிக் குறிகள் இருக்கின்றன, ஒன்றோடொன்று சேர வேண்டும். ஓரிடத்தில் கறள் குழி ஒன்றைக் குறியென்று நினைத்து நாங்கள் பூட்டியிருந்தோம். இரண்டு நாள் திரும்பக் கழற்றினோம்.

மூன்றாம் நாள் இழுத்த உடனே பிடித்தது. ஐயா ஒழுங்கை முடிவிலிருந்து சாரத்தை மடித்துக் கட்டியபடி வந்தார். பக்கத்தில் வரவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு திரும்பிப் போய்விட்டார். அடுத்த நாள் காலையில் உழுவதற்கான நாளைக் கேட்டு ஆளனுப்பினார்.

செலவைச் சொல்கிறோம், மறைக்க ஒன்றுமில்லை. டயரோடு சேர்த்து ஏழரை இலட்சம். அதில் பாதிக்குக் கிட்ட டயர். கையில் இருந்த காசு, உம்மாவின் காப்பு, மூத்த காக்கா கட்டாரிலிருந்து அனுப்பியது. வட்டி இல்லை, தவணை இல்லை. இரண்டு போகக் கூலி உழவில் காப்பு திரும்பி வந்தது.

இதைப் படமாகப் போட்டபோது இரண்டு பக்கத்தாலும் பேச்சு வந்தது. "தொண்ணூறில எங்கட மெசின் போன இடம் தெரியல்ல, இப்ப அவங்கட மெசினுக்குக் காசைக் கொட்டுறீங்களா" என்று எங்கள் ஆட்கள். "ஐயா ஏன் அவையளுக்குக் குடுத்தவர்" என்று அந்தப் பக்கம். இரண்டு கேள்வியிலும் வலி இருக்கிறது, அதை இல்லையென்று சொல்ல மாட்டோம். வாப்பாவின் 35க்கு யாரும் இன்றுவரை கணக்குச் சொல்லவில்லை. அந்தக் கணக்கு வேறு, அது கேட்கப்பட வேண்டும். ஆனால் அதை ஐயாவிடம் போய்க் கேட்பது நியாயமில்லை. அவருடைய கணக்கும் தீராமல்தான் கிடக்கிறது.

இப்போது எங்கள் வாதத்துக்கு வருகிறோம்.

பழைய மெசினைத் திருத்துவது ஏழையின் வேலை, புதுசு வாங்க வசதியில்லாதவன் செய்வது என்ற எண்ணம் எங்கள் ஊர்களில் இருக்கிறது. அமெரிக்காவில் விவசாயிகள் வருடக்கணக்காகப் போராடியதே சொந்த மெசினைத் தாங்களே திருத்தும் உரிமைக்காகத்தான். புதிய பெரிய மெசின்களில் பிழை வந்தால் கொம்பனியின் மென்பொருள் இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. கொலராடோ மாநிலம் 2023இல் இதற்கென்றே சட்டம் நிறைவேற்றியது, 2024 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அவர்கள் சட்டம் போட்டுக் கேட்பது எங்கள் பாலை மரத்தின் கீழே இலவசமாக நிற்கிறது. அதை நாங்கள் கிலோக் கணக்கில் நிறுத்து விற்கிறோம்.

135 சொர்க்கத்திலிருந்து வந்தது என்று சொல்ல வரவில்லை. புகை உண்டு, சத்தம் உண்டு. எங்களுடையதில் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் சட்டம் இல்லை. பின்னால் சுழலும் தண்டுக்கு மூடி இல்லாமல் சாரம் மாட்டினால் என்ன நடக்குமென்று வன்னி ஆஸ்பத்திரிகளில் கேளுங்கள். நாங்கள் தகரத்தில் மூடி செய்து போட்டோம். பிளொக் வெடித்தது, கியர்பெட்டி நொறுங்கியது என்றால் இரும்புக்குத்தான், வேறு வழியில்லை. ஆனால் ஹெட்டைத் திறந்து பார்க்காமல் கொடுப்பதை என்னவென்று சொல்வது?

இரும்பை விட எங்களுக்குப் பயம் வேறொன்றில். சத்தத்தைக் கேட்டு "ஒரு பல்லு மாறியிருக்கு" என்று சொல்லக் கூடியவர்கள் இன்னும் எத்தனை பேர்? முள்ளியவளையில் எங்களுக்குத் தெரிந்து நாலு பேர். எல்லோருக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது. ஒருவருக்குப் பாரிசவாதம். அவர்கள் யாருக்கும் சான்றிதழ் இல்லை, அதனால் எந்தப் பாடசாலையும் அவர்களை உள்ளே கூப்பிட்டதில்லை. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கியது. நல்ல விடயம். ஆனால் நாங்கள் பார்த்த வகுப்புகளில் பிள்ளைகள் நாலு அடி எஞ்சினின் படத்தை வர்ணம் தீட்டுகிறார்கள். கையில் ஒயில் பட்ட ஒரு பிள்ளையைக் காணோம். உழவுக்குப் போன மெசின் பாடசாலை மதிலுக்கு வெளியே பழுதாகி நிற்கும், உள்ளே நாங்கள் எஞ்சின் பாடத்தைக் கரும்பலகையில் நடத்துவோம்.

தவணையில் ஒரு நாள் அந்த மூத்தவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். கதிரை போட்டு, தேநீர் கொடுத்து, கரும்பலகைக்குப் பக்கத்தில் இருத்துங்கள். ஒரு பழைய பம்பைக் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள். இதற்குச் சுற்றறிக்கை தேவையில்லை. அதிபர் சம்மதித்தால் போதும். பாரம் தூக்குவது, இயங்கும் எஞ்சினுக்குக் கிட்டப் போவது வேண்டாம், அந்தப் பாடத்தை நாங்கள் மச்சானின் காலில் படித்துவிட்டோம்.

கடைசி வாங்குப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு தகவல். கையால் வேலை தெரிந்தவர்களைச் சோதித்து, முன்கற்றல் அங்கீகாரம் மூலம் என்.வி.கியூ சான்றிதழ் கொடுக்கும் முறை நாட்டில் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழினுட்பம் படிக்கலாம். எங்கள் பையன் சாதாரண தரத்தில் கணிதத்தில் ஒரு தடவை தவறினான். இரண்டாம் தடவை, போல்ட் அளவுகளை வைத்துப் பின்னம் சொல்லிக் கொடுத்தோம். பதினாறில் ஒன்பது பெரிதா, இரண்டில் ஒன்று பெரிதா என்று கேட்டால் ஸ்பனரை நினைத்துச் சொல்லுவான். சாதாரண சித்தி. இப்போது கிளிநொச்சிக்குப் போய் வருகிறான். வெள்ளிக்கிழமைகளில் வந்து ஒயில் பார்த்துவிட்டுப் போவான், வரும்போதெல்லாம் எங்களுடைய ஏதாவது ஒரு பிழையைக் கண்டுபிடிப்பான்.

போன வெள்ளிக்கிழமை அந்த லொறிக்காரரிடம் விலை கேட்டோம். முழுதாகத் தர மாட்டார், கொழும்புக்குக் கணக்குச் சொல்ல வேண்டுமாம். லிப்ட் கைகள் இரண்டையும் மேல் தண்டையும் மட்டும் வாங்கி வந்தோம். யாரிடமாவது விற்க நினைக்கும் 135 நின்றால் லொறியை மறிக்க முன் எங்களுக்கு ஒரு சொல் சொல்லுங்கள். நாங்கள் வாங்குவோம் என்றில்லை, அவ்வளவு காசில்லை. வாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து டிப் ஸ்டிக்கை மணந்து பார்க்கச் சொல்லலாம். ஐயாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. எங்களுடையதில் ஹைட்ரோலிக் மேல்மூடி கஸ்கட்டால் ஒயில் கசிகிறது. கலப்பை தூக்கி அரை மணித்தியாலத்தில் இறங்கிவிடுகிறது. வவுனியாவில் இரண்டு கடையில் கேட்டோம், இல்லை. ஐப்பசி மழை விழ முன் பூட்ட வேண்டும். வைத்திருப்பவர்கள் இன்பொக்சில் சொல்லவும்.